அந்தக் குறியைக் கண்டு அஞ்சாதே

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க."

இந்த ஒரு வரியை இன்றோடு உன் வாயிலிருந்து எடுத்துவிடு, கண்ணு.

சாமளாபுரம், சோமனூர், மங்கலம், பல்லடம் என்று சுற்றியுள்ள விசைத்தறி ஊர்களிலிருந்து காலையில் பஸ் ஏறி, திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே சொல்வது இதைத்தான். பட்டம் இருக்கிறது. கணக்கு வருகிறது. துணியைத் தொட்டவுடன் ஜிஎஸ்எம் இவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடும் விரல் இருக்கிறது. ஆனால் பையருக்கு நாலு வரி மெயில் எழுத வேண்டும் என்றால் முதுகு வளைந்துவிடுகிறது. அதிலும் எதைக் கண்டு அதிகம் நடுங்குகிறார்கள் தெரியுமா? எழுத்தின் தலைக்கு மேலே நிற்கும் ஒரு சின்னக் குறி. அபாஸ்ட்ரஃபி. நம் பிள்ளைகள் வாயில் அது 'மேல் கமா'.

பாய்ஸ் டி-ஷர்ட் என்று எழுதும்போது அந்தக் குறி எஸ்ஸுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா, வரவே வராதா? தெரியாமல் பக்கத்து சீட்டைப் பார்க்கிறாய். அவருக்கும் தெரியாது. கடைசியில் எங்காவது ஓரிடத்தில் குத்திவிட்டு அனுப்புகிறாய்; இல்லையென்றால் அந்த வரியையே அழித்துவிடுகிறாய். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். வரியை அழிக்கும்போது உன் யோசனையையும் சேர்த்து அழிக்கிறாய். துணி சுருங்கும் என்று உனக்குத் தெரியும், தையல் இந்த இடத்தில் பிரியும் என்று தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விடுகிறாய், ஒரு குறி எங்கே வரும் என்ற பயத்தில்.

அந்தப் பயத்தை இன்றைக்கு வேரோடு பிடுங்கிவிடுவோம்.

உன் தொழிலை ஒருமுறை நன்றாகப் பார். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் திருப்பூர். அந்தச் சரக்கு முழுவதும் எப்படிப் பிரிக்கப்படுகிறது? ஆண்களுடையது, பெண்களுடையது, பையன்களுடையது, சிறுமிகளுடையது, கைக்குழந்தைகளுடையது. மென்'ஸ், விமென்'ஸ், பாய்ஸ்', கேர்ள்ஸ்', இன்ஃபன்ட்ஸ்'. பிஓவில் அதுதான் முதல் வரி. டெக் பேக்கில் அதுதான் தலைப்பு. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சாவதும் அதுதான். உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலும் இந்தக் குறிக்கு இவ்வளவு வேலை இருக்காது. பயப்பட வேண்டிய ஊர் இது இல்லை. இதில் கரைகண்டவர்கள் இருக்க வேண்டிய ஊர்.

நம் சங்கங்களின் பெயரைப் பார். 1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், ஆங்கிலத்தில் திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்ஸ்' அசோசியேஷன். குறி எங்கே நிற்கிறது? எஸ்ஸுக்குப் பின்னால். கோவையில் 1933 முதல் இருக்கும் சதர்ன் இந்தியா மில்ஸ்' அசோசியேஷன், நாம் 'சைமா' என்று சொல்வது. அங்கேயும் எஸ்ஸுக்குப் பின்னால்தான். ஏன்? அது ஒரு ஏற்றுமதியாளரின் சங்கம் இல்லை, ஏற்றுமதியாளர்களின் சங்கம். ஒரு மில்லின் சங்கம் இல்லை, மில்களின் சங்கம். இதைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசி பாடம் முடிந்தது.

மீதியைச் சொல்கிறேன். இதற்கு நீ ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டாம். உன் தாய்மொழியே கையில் இருக்கிறது. ஆறாம் வேற்றுமை என்று எட்டாம் வகுப்பில் படித்தாயே, அதுதான் இது. பையனின் சட்டை. பையன்களின் சட்டை. இரண்டாவதை எப்படிச் சொன்னாய்? முதலில் 'பையன்', அடுத்து 'கள்', அதற்கும் அடுத்துத்தான் 'இன்'. பலரை முதலில் சேர்த்து முடித்துவிட்டு, அப்புறம் உடைமையை ஒட்டினாய். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று வயதில் தானாக வந்தது. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். முதலில் உடையவரை முழுமையாக எழுது. ஒருவர் என்றால் பாய், பலர் என்றால் பாய்ஸ். எழுதி முடித்தாயா? இப்போது குறியைப் போடு. போட்ட பிறகு பார்: குறிக்கு முன்னால் பன்மைக்கான எஸ் ஏற்கெனவே நிற்கிறதா? நின்றால் வேலை முடிந்தது. இல்லையா? ஓர் எஸ் சேர்.

ஒரு பையனின் சட்டை: பாய், குறி, எஸ். பல பையன்களின் சட்டை: பாய்ஸ், குறி, அவ்வளவுதான். இதே சூத்திரத்தை மென் என்ற சொல்லில் போட்டுப் பார். மென் என்பதே பலர்; ஆனால் அதன் வாலில் எஸ் இல்லை. ஆகவே மென், குறி, எஸ். விமென், சில்ட்ரன் இரண்டும் அப்படியே. அதனால்தான் மென்ஸ் என்ற சொல்லில் எஸ்ஸுக்குப் பின்னால் குறி போடுவது எந்தக் காலத்திலும் சரியாகாது. நம் கம்பெனிகளின் பேக்கிங் லிஸ்ட்டில் அதிகம் கண்ணில் படுகிற பிழையும் அதுதான். 'பாய்ஸுக்குப் பின்னால் வருகிறது, மென்ஸுக்கும் பின்னால் வரட்டும்' என்று கையே பழகிவிடுகிறது. கை பழகியதை அறிவு திருத்த வேண்டும்.

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரைப் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் நாம் உரிமை கொண்டாடுகிறோம். அவர் உடைமைக்கு எழுதிய விதி இன்னும் நுட்பமானது. உடைமைப் பொருள் ஒன்றென்றால் அது, ஆது என்ற உருபுகள். பலவென்றால் அகர உருபு. எனது கை, என கைகள். ஒன்றா பலவா என்று எண்ணிப் பார்த்து உருபு போட்ட மொழியில் பிறந்தவன் நீ. அங்கே பொருளை எண்ணினார்கள், இங்கே உடையவரை எண்ண வேண்டும். எண்ணத் தெரிந்தவனுக்கு என்ன பயம்?

அடுத்தது, குறி வரவே கூடாத இடங்கள். இங்கேயும் பிழை அதிகம் நடக்கும், நிதானமாகப் படி. வெறும் பன்மைக்குக் குறி கிடையாது. சாம்பிள்ஸ் ரெடி, கார்ட்டன்ஸ் லோடட், மூன்று பிஓஸ் பெண்டிங்: இதில் எங்கும் யாருக்கும் எதுவும் உடைமை இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது. அப்படியென்றால் மேலே ஒன்றும் வராது. அவினாசி ரோட்டில் டிபன்'ஸ், ஜூஸ்'ஸ் என்று போர்டு பார்த்துப் பார்த்து நம் கண் கெட்டுப்போயிருக்கிறது. அடுத்து 'இட்ஸ்'. அதன் தரம், அதன் நிறம் என்று சொல்ல வரும் 'இட்ஸ்' என்ற சொல்லில் குறி இல்லை. குறி போட்டால் அது 'இட் இஸ்', 'அது இருக்கிறது' என்று ஆகிவிடும். ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ் எதற்கும் குறி இல்லை. இந்தச் சொற்களுக்குள்ளேயே உடைமை இருக்கிறது, வெளியிலிருந்து ஒட்ட வேண்டியதில்லை.

நம் ஊர் மெயில்களில் தினமும் தேவைப்படும் இன்னொன்று காலக்கணக்கு. ஷிப்மெண்ட்டுக்கு ஒரு வாரத் தவணை கேட்கிறாய்: ஒன் வீக், குறி, எஸ், எக்ஸ்டென்ஷன். இரண்டு வாரம் என்றால் டூ வீக்ஸ், குறி, எக்ஸ்டென்ஷன். வாரத்துக்கு என்ன உடைமை என்று கேட்காதே. ஒரு வாரத்தின் அவகாசம் என்று தமிழிலும் சொல்லலாமே. அதே விதிதான்.

முடிந்தது, கண்ணு. ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடக் கூடிய பாடம். இதற்காகவா இத்தனை வருடம் தலையைக் குனிந்தாய்?

நீ குனிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குப் பிறவியிலேயே வரும், நமக்கு வராது என்று யாரோ உன் மனதில் ஏற்றிவிட்டார்கள். அது பொய். முழுப் பொய். இந்தக் குறி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த விருந்தாளி. விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டுவதுதான் அதன் முதல் வேலை. பழைய ஆங்கிலத்தில் உடைமைக்கு ஈ, எஸ் என்று ஒரு விகுதி இருந்தது. அந்த ஈயின் ஒலி தேய்ந்துபோனதும், போன எழுத்தின் இடத்தில் இந்தக் குறியைப் போடத் தொடங்கினார்கள். அதுவும் ஒரே நாளில் நிலைக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623இல் ஒரே தொகுப்பாக அச்சானபோது, இன்று குறியோடு எழுதுகிற 'எ மிட்சம்மர் நைட்'ஸ் ட்ரீம்', 'த விண்டர்'ஸ் டேல்' இரண்டின் பெயரும் குறி இல்லாமல்தான் அச்சாயின. பலருக்கு எஸ்ஸுக்குப் பின்னால் குறி என்ற வழக்கம் ஊன்றியதோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அவர்களும் தட்டித் தடவித்தான் கற்றிருக்கிறார்கள்.

இன்றைக்காவது அவர்களுக்கு வந்துவிட்டதா? வெறும் பன்மைக்குக் குறி போடும் பிழைக்கு அவர்கள் ஊரில் காய்கறிக் கடைக்காரரின் அபாஸ்ட்ரஃபி என்றே ஒரு பெயர் இருக்கிறது. நம் டிபன்'ஸ் போர்டு அங்கே ஆப்பிள்'ஸ் போர்டாகத் தொங்குகிறது. அந்தப் பிழையைத் தாங்க முடியாமல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர், இங்கிலாந்தின் பாஸ்டன் என்ற ஊரில் 2001இல் அபாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். 2019இல், 96ஆவது வயதில், அறியாமையும் சோம்பேறித்தனமும் ஜெயித்துவிட்டன என்று வருந்திச் சங்கத்தை மூடினார். பிறகு வேறொருவர் அதை எடுத்து நடத்துகிறார். வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில் 2024இல் தெருப்பலகைகளில் இந்தக் குறியே வேண்டாம் என்று எடுக்கப் பார்த்தது. கம்ப்யூட்டரில் முகவரி தேடுவதற்கு இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். மக்கள் விடவில்லை. அதே ஆண்டில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். சொந்த மொழிக்காரர்களே தடுமாறி, சண்டையிட்டு, திருத்திக்கொண்டு எழுதும் ஒரு குறி இது. அவர்கள் தடுமாறலாம், நீ தடுமாறினால் மட்டும் தலைகுனிவா? இல்லை. ஆனால் நீ அவர்களைவிடச் சரியாக எழுத முடியும் என்று நான் சொல்கிறேன். ஏனென்றால் நீ காதால் பழகி எழுதப்போவதில்லை, விதி தெரிந்து எழுதப்போகிறாய். பாய்'ஸ், பாய்ஸ்', பாய்ஸ் மூன்றும் காதுக்கு ஒரே ஒலி. காதை நம்பி எழுதுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

சரி, ஒரு குறியால், ஓர் எழுத்தால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சீனியர் ஒருவரே உன்னிடம் அப்படிச் சொல்லியிருப்பார். கேட்டுக்கொள்ளாதே. பிரிட்டனில் கார்டிஃப் நகரத்தில் டெய்லர் அண்ட் சன்ஸ் என்று நூறாண்டு கடந்த இன்ஜினியரிங் கம்பெனி இருந்தது. 2009இல், டெய்லர் அண்ட் சன் என்ற வேறொரு கம்பெனி மூடப்படுவதைப் பதிவு செய்ய வேண்டிய அரசுப் பதிவகம், தவறுதலாக இந்தக் கம்பெனியின் பெயரில் பதிவு செய்துவிட்டது. ஓர் எஸ். அவ்வளவுதான் வித்தியாசம். சரக்குக் கொடுப்பவர்கள் கடனை நிறுத்தினார்கள், வாடிக்கையாளர்கள் ஓடினார்கள், 250 பேருக்கு மேல் வேலை செய்த கம்பெனி அதே ஆண்டில் விழுந்தது. 2015இல் லண்டன் உயர் நீதிமன்றம் பதிவகம்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. இன்னொன்று, ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2020இல் ஒருவர் ஃபேஸ்புக்கில், தன் பழைய முதலாளி ஊழியருக்கான ஓய்வூதியப் பணத்தைக் கட்டவில்லை என்று எழுதினார். எம்ப்ளாயீஸ் என்ற சொல்லில் குறியைப் போடவில்லை. ஒருவரின் பணமா, எல்லோருடைய பணமா? எழுதியவர் ஒருவரைத்தான் நினைத்தேன் என்றார். குறி இல்லாமல் படித்தால், வழக்கமாகவே எல்லா ஊழியருக்கும் கொடுப்பதில்லை என்ற பொருள் வருமே என்று எதிர்த்தரப்பு மானநஷ்ட வழக்குப் போட்டது. 2021 அக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது.

இப்போது உன் மேஜைக்கு வா. ஃபேக்டரி'ஸ் ஆடிட் ரிப்போர்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் ஃபேக்டரீஸ்' என்று எழுதிவிட்டாய் என்று வை. பையரிடம் நீங்கள் பதிவு செய்து காட்டியிருப்பது ஒரே ஒரு யூனிட். அங்கே உட்கார்ந்து படிக்கிறவர் என்ன கேட்பார்? "இன்னொரு ஃபேக்டரி எங்கே இருக்கிறது? எங்களுக்குச் சொல்லாமல் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறீர்களா?" சொல்லாத யூனிட்டில் தைப்பதை வெளிநாட்டு பையர்கள் எவ்வளவு பெரிய குற்றமாகப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு குறி இடம் மாறியதற்கு மூன்று நாள் விளக்கம் எழுத வேண்டிவரும்.

பிரிண்டிங் யூனிட்டுக்குப் போய்ப் பார்த்தால் இந்தக் குறியின் வாழ்வும் சாவும் கண்ணெதிரே தெரியும். ஜூனில் வரும் தந்தையர் தினத்துக்கு, பல மாதம் முன்பே ஆர்டர் ஓடும். நெஞ்சில் வேர்ல்ட்'ஸ் பெஸ்ட் டாட் என்று பெரிய எழுத்து. ஆர்ட்வொர்க்கை ஃபிலிமில் எடுக்கிறார்கள். எமல்ஷன் பூசிய ஸ்கிரீன் மேல் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, தண்ணீரில் கழுவுகிறார்கள். எழுத்து இருக்கும் இடத்தில் வலை திறக்க வேண்டும். பெரிய எழுத்துகள் சுலபமாகத் திறந்துவிடும். அந்தச் சின்னக் குறி? வெளிச்சம் கொஞ்சம் கூடினால், கழுவுவது கொஞ்சம் குறைந்தால், அது மட்டும் திறக்காமல் போகும். திறந்தாலும், ஓட்டம் நடுவில் மை காய்ந்து முதலில் அடைபடுவதும் அதுதான். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. எமல்ஷனில் ஊசிமுனைத் துளை, பின் ஹோல் விழுந்தால், வேண்டாத இடத்தில் மைப்பொட்டு விழும். அது டாட்ஸ் என்ற சொல்லின் தலையில் விழுந்தால்? அது அழுக்கா, குறியா? செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காவுக்கு அந்த எழுத்தின் பொருள் தெரிந்திருந்தால் அந்த நொடியே லாட்டை நிறுத்துவார். தெரியாவிட்டால் பீஸ் பீஸாக மடித்து பாலி பேக்கில் போட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குத் தெரியப்படுத்த வேண்டியவன் நீ. படித்தவன் என்று சொல்லிக்கொண்டு ஏசி அறையில் உட்காராமல், அந்த டேபிளுக்குப் போய் அக்காவிடம் சொல்: "அக்கா, இந்த இடத்துல ஒரு பொட்டு கண்டிப்பா இருக்கணும். இல்லைன்னா பீஸை எடுத்து வச்சிருங்க." சாம்பிள் பீஸில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு டேபிளுக்கு மேலே மாட்டிவை.

அன்னையர் தினமும் அப்படியே. மதர்'ஸ் டே. குறி எஸ்ஸுக்கு முன்னால். அந்த நாளுக்காகப் பாடுபட்ட ஆனா ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பெண், ஒவ்வொருவரும் தன் ஒரே தாயைக் கொண்டாட வேண்டும், ஊரிலுள்ள தாய்மார்கள் எல்லோரையும் பொதுவாக அல்ல என்று ஒருமையிலேயே உறுதியாக நின்றார். 1914இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் அந்த நாளை அறிவித்தார். நாம் செப்டம்பர் 5இல் கொண்டாடுவதோ டீச்சர்ஸ்' டே. ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஆன நாள், ஆகவே குறி பின்னால். இரண்டுக்கும் காரணம் உண்டு, காரணம் தெரிந்தவனுக்கு மறதி வராது.

கம்ப்யூட்டரில் ஒரு விஷயத்தைக் கவனி. வேர்டில் அடித்தால் குறி வளைந்து வரும். அதை அப்படியே காப்பி செய்து பழைய லேபிள் சாஃப்ட்வேரில் ஒட்டினால், சில சமயம் குறி இருந்த இடத்தில் தலையில் தொப்பி வைத்த ஒரு ஏ, ஒரு யூரோ அடையாளம், ஒரு டிரேட்மார்க் அடையாளம் என்று மூன்று குப்பை வந்து உட்காரும். அந்த வளைந்த குறியைக் கம்ப்யூட்டர் மூன்று பைட்டாகச் சேமிக்கிறது; பழைய முறையில் படிக்கும் சாஃப்ட்வேர் அதை மூன்று தனி எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒட்டியதை அழித்துவிட்டு, என்டர் பட்டனுக்கு இடப்பக்கம் இருக்கும் பட்டனால் நேராக அடி. ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்பது வேறு குறி, அதைத் தொடாதே. வாஷ்கேர் லேபிள் பிரிண்டுக்குப் போகும் முன் ஒருமுறை கண்ணால் பார்.

விதி தெரிந்தவன் எங்கே கையை வைக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிராண்டின் பெயரைத் திருத்தாதே. லெவி'ஸ், கார்ட்டர்'ஸ், த சில்ட்ரன்'ஸ் பிளேஸ் எல்லாம் குறியோடு எழுதுபவை. புத்தகக் கடையான வாட்டர்ஸ்டோன்ஸ் 2012இல் தன் பெயரிலிருந்த குறியை வேண்டுமென்றே எடுத்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்த கதை அமெரிக்காவின் லேண்ட்ஸ்' எண்ட். 1963இல் கேரி கோமர் சிகாகோவில் பாய்மரப் படகுச் சாமான் விற்கத் தொடங்கியபோது, முதல் கையேட்டில் எஸ்ஸுக்கு முன்னால் வர வேண்டிய குறி பின்னால் அச்சாகிவிட்டது. மறுபடி அச்சடிக்கப் பணம் இல்லை. அப்படியே விட்டார்கள். அந்தப் பிழையோடுதான் அது பெரிய ஆடைக் கம்பெனியாக வளர்ந்தது, இன்றும் அதே பெயர்தான். மறுபடி அச்சடிக்கப் பணம் இல்லாத ஒருவர் பிழையான குறியோடு தொழில் தொடங்கி உலகப் பெயர் வாங்கினார் என்றால், சரியான குறி தெரிந்த நீ எதற்கு ஒதுங்கி நிற்கிறாய்? பெயர் என்றால் அவர்கள் எழுதியபடி எழுது. வாக்கியம் என்றால் விதிப்படி எழுது. அந்த எல்லையைத் தெரிந்தவன்தான் நல்ல மெர்ச்சண்டைசர்.

ஒரு விசைத்தறிப் பிள்ளைக்கு இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. உன் வீட்டில் தறி ஓடியது. ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தாலும் துணியில் நீளக் கோடு விழும் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அத்தனை இரைச்சலிலும் தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிந்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார். விட்டுப்போன குறியும் அறுந்த பாவு இழையும் ஒன்றுதான். அதைப் பிடிக்கும் கண் உன் வீட்டில் பரம்பரையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தரவில்லை என்பதற்காக உன்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டாய்.

துணிச்சலும் உன் ஊரில் பஞ்சமில்லை. 2017 ஏப்ரலில் சாமளாபுரத்துப் பெண்கள் மதுக்கடை வேண்டாம் என்று ரோட்டில் இறங்கினார்கள். அடி விழுந்தது. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்களில் யாரும் இலக்கணம் படித்துவிட்டுப் பேச வரவில்லை. தங்களுக்குச் சரி என்று தெரிந்ததை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்த ஊர்களும் உன் பக்கத்து ஊர்கள்தான். இப்படிப்பட்ட மண்ணிலிருந்து போன நீ, ஏசி அறையில் ஒரு மெயில் அனுப்ப நடுங்கலாமா? கூடாது. கூடவே கூடாது.

தெரியாததைக் கேட்பதற்கும் நடுங்காதே. தெரியாமல் அனுப்புவதுதான் தப்பு, கேட்பது தப்பே இல்லை. ஆனால் ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகு, உனக்கு மேலே இருப்பவர் பிழையாக எழுதினாலும் சொல். "சார், இங்க குறி எஸ்ஸுக்கு முன்னாடி வரணுங்க சார். மென்ங்கறதே பன்மைங்க." மரியாதையோடு சொல், ஆனால் சொல்லிவிடு. நல்ல முதலாளி அன்றைக்கே உன்னைக் கவனிப்பார். கவனிக்காத முதலாளியிடம் நீ நெடுநாள் இருக்கப்போவதில்லை.

பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க்கிலும் பிழை வரும். கண்டிப்பாக வரும். லண்டனில் உட்கார்ந்து வரைகிற டிசைனருக்கும் கை தவறும். அப்போது அதை அப்படியே பிரிண்டுக்கு விட்டுவிட்டு, 'அவங்க அனுப்பினதைத்தான் அடிச்சோம்' என்று தப்பிக்கப் பார்க்காதே. நீயாகத் திருத்தி அடித்தும்விடாதே. ஒப்புதல் இல்லாமல் ஆர்ட்வொர்க்கைத் தொடுவது அதைவிடப் பெரிய வம்பு. அடுத்த முறை பிழையான ஒரு ஆர்ட்வொர்க் உன் மேஜைக்கு வந்தால், ஸ்கிரீன் போடும் முன்பே பையருக்கு ஒரு மெயில் எழுது. இந்த வரியில் குறி விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறோம், உறுதி செய்து தாருங்கள், அதுவரை பிரிண்டிங்கை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று மூன்றே வரி. சீனியரிடம் காட்டு, அவர் சரி என்றதும் அவர் பெயரில் போக விடாதே. கீழே உன் பெயரைப் போட்டு, நீயே அனுப்பு.